மூணு ஏக்கரா கண்வலி

சீப்பு மடியிலதான் கெடக்குது. எடுத்து ரெண்டு இழுப்பு இழுத்தா ஆச்சு, இதுக்குப் போயி இத்தனை மலைப்பு. காலையில இருந்து இந்தப் புள்ள கேட்டுக்கிட்டே இருக்கறா, மாமி, தல சிக்குப் புடிச்சுக் கெடக்கு, வாரித் தருவியளா மாமின்னு. இதா வாரறேன் சாமி, சித்த பொறு சாமின்னு நானும் தள்ளிக்கிட்டே கெடக்கறேன். மாமியாமா மாமி. எங்கூருப் பக்கம் மாமின்னா அக்ரகாரத்துல இருக்கறவங்க. கண்ணாலம் பண்ணிக்கிட்டு வந்து நின்ன அன்னைக்கே சொன்னேன், அத்தைன்னு கூப்புடு அம்மிணின்னு. சரி மாமின்னா. அவங்க கன்யாகுமரிச் சீமையில புருசனப் பெத்தவ மாமிதானாமா, அத மாத்த முடியாதாமா. திருப்பூர்ல பனியன் கம்பெனிக்குப் போன எடத்துல என்ற பையன் திருமூர்த்தி புடிச்சுக்கிட்டு வந்த மருமவ. பேரு அஜிதா. இப்ப அவன் ஆஸ்பத்திரி வார்டுக் கண்ணாடிக்கு அக்கட்டால நெத்திய முட்டுக் குடுத்து நிக்கறான், உள்ள வுட மாட்டாங்க. ஒரே ஒரு ஆளுதான். அதுவும் வாய்க்குத் துணி கட்டி, பச்சை அங்கி மாட்டி, மொழங்கை வரைக்கும் கழுவிப்போட்டு. அவ ஒடம்புல இப்ப வெள்ளை அணுவே கெடையாதாமா, ஆரு தும்மினாலும் அவளுக்கு எமனாமா. அவன் வந்தா அழுதழுது மூக்கச் சிந்துவான், நீங்களே இருங்கம்மான்னு டாக்டரம்மா என்னத்தான் உள்ள வெச்சாங்க. இவ அழுவாத பொம்பளையின்னு பாத்ததும் தெரிஞ்சிருச்சாட்ட இருக்குது. அழுவாம என்ன, உள்ளுக்குள்ள ஒரு கெணறே கெடக்குது, ஆருக்குத் தெரியும்.

தலை வாரறதுக்கு என்னடி பயமுன்னு கேட்டா, பயந்தான். நேத்து டாக்டரம்மா என்னய வராண்டாவுக்குக் கூப்பிட்டு, கதவச் சாத்திப்போட்டு, என்ற பேரச் சொல்லிக் கூப்புட்டு மெதுவாச் சொன்னாங்க. நல்லாத்தாம்மா, ரத்தத்துல வெள்ளை அணு ஏறுதான்னு நாங்க தெனமும் பாத்துக்கிட்டுத்தான் இருக்கோம், அது எங்களுக்கு. உங்க கண்ணுக்குத் தெரியற மாதிரி ஒண்ணு சொல்றேன், கேட்டுக்கங்க. இந்தக் கெழங்கு வெசத்துல இருந்து மீண்டு வர்றவங்களுக்கு, ஒரு வாரம் பத்து நாள் ஆனதும் முடி கொட்டும். கொத்துக் கொத்தாக் கொட்டும். பயந்துராதீங்க. முடி கொட்டற வரைக்கும் ஒருத்தர் வந்துட்டாருன்னா பெரும்பாலும் கரை ஏறிட்டாருன்னு அர்த்தம், முடி திரும்பவும் மொளைச்சுரும், ஆனா அந்தப் பொண்ணுகிட்ட இப்பச் சொல்லாதீங்க, மனசு ஒடஞ்சுரும், அப்படின்னு சொல்லிப்போட்டு மகராசி அடுத்த கட்டலுக்குப் போயிட்டாங்க. அப்ப இருந்து எனக்கு இவ மூஞ்சியே தெரியல, முடிதான் தெரியுது. தலவாணியத் தடவறேன், போர்வைய ஒதறறேன், கீழ குனிஞ்சு தரையப் பாக்கறேன். நர்சம்மா, என்ன பாட்டி தேடறீங்கங்குது. பாட்டியாமா. கம்மலு சாமி, கம்மலுன்னு சொல்லி வெச்சேன். இப்ப வாரிப் பாத்துட்டு, சீப்பு வெறுமனே வந்துதுன்னா? பல்லுல ஒத்தை முடி கூட இல்லாம வந்துதுன்னா? வாராத வரைக்கும் கொட்டுமுன்னு நெனச்சுக்கிட்டு ஒக்காந்திருக்கலாமல்லோ. அதான் சீப்பு மடியிலயே கெடக்குது.

முடின்னாலும் முடி, அப்படி முடி. இடுப்புக்குக் கீழ எறங்கும், தேங்கா எண்ணெயிலயே ஊறி வளந்த சீமையில்ல அது. எங்க காத்துக்கும் உப்புத்தண்ணிக்கும் கூட அசையல. கெரகம், அந்த முடியாலதான் எங்களுக்குள்ள அத்தனை பேச்சும் பழமையும். ரசத்துல முடி. பருப்புல முடி. களி கிண்டினா களிக்குள்ள முடி, இழுத்தா வந்துக்கிட்டே இருக்குது, நூலுக்கண்டாட்ட. சோத்துல முடி கெடந்தா ஆருதான் சும்மா இருப்பா? வட்டலத் தள்ளிப்போட்டு எந்திரிச்சேன், நாலு ஊட்டுக்குக் கேக்கறாப்பல சொன்னேன், இல்லீங்கல. இன்னைக்கும் சொல்லுவேன். அவ அன்னைக்கு ஒரு வார்த்தை எதுத்துப் பேசல. மறுநாள்ல இருந்து எனக்குச் சோறு போட வர்றப்ப மட்டும் தலைய ஒரு துண்டுல இறுக்கிக் கட்டிக்கிட்டு, பஞ்சு மில்லுக்குப் போறவளாட்ட வந்து நிப்பா. போதுமா மாமிம்பா. கொழுப்பப் பாருன்னு எனக்குச் சிரிப்பு முட்டும், காட்டிக்க மாட்டேன். இப்ப அந்த முடி ஒண்ணே ஒண்ணு, ஒத்தை முடி, இந்த வெள்ளைத் துணி மேல விழுந்து கெடக்காதான்னு பாத்துக்கிட்டு ஒக்காந்திருக்கறேன். பழனியாண்டவா, நாங்க மலைக்கு வந்து எறக்கற வரைக்கும் காத்திருக்க வேண்டாம், நீயே வந்து எடுத்துக்க. அத்தனையும் எடுத்துக்க. ஆள வுட்டுரு.

கண்வலி. அந்தப் பேரு இருக்குதே, அதுதான் எங்களக் கொல்லப் பாத்துது. எங்க தோட்டத்துல அதுதான் வெள்ளாமை, பந்தல்ல கொடி ஏறி, செவப்பும் மஞ்சளுமாப் பூக்கும், காலங்காத்தால பொம்பளைக ஒவ்வொரு பூவா மகரந்தந் தொட்டு வுட்டாத்தான் காய் புடிக்கும். வெதை மருந்துக் கம்பெனிக்குப் போவுது. அந்தப் பூவ வெறிச்சுப் பாத்தா கண்ணு நோவுமுன்னு கண்வலின்னு பேராமா. கெழங்கு, கொடின்னெல்லாம் எங்கூர்ல சொல்றதே இல்ல, கண்வலி போட்டிருக்கறோம், கண்வலி காச்சிருக்குது, அவ்வளவுதான். நடறதுக்குன்னு மண்ணுல பொதைச்சு வெச்சிருந்த கெழங்க, நான் சந்தைக்குப் போன நேரத்துல எடுத்து வேக வெச்சுத் தின்னுருக்கறா இந்தப் புள்ள. அவங்கூர்ல காச்சில்னு ஒரு கெழங்காமா, அதுவாட்ட இருந்துச்சாமா, ஊரு நெனப்பு வந்துருச்சாமா, காந்தாரி மொளகாயும் சின்ன வெங்காயமும் இடிச்சுத் தொட்டுக்கிட்டாளாமா. நான் வந்து பாத்தா வேக வெச்ச போசியில ஏரு வளைஞ்சாப்பல ஒரு துண்டு கெடக்குது, பாத்ததுமே கண்வலின்னு தெரிஞ்சு போச்சு. இவளத் தூக்கிக்கிட்டு இந்தப் பெரியாஸ்பத்திரிக்கு வந்தா, மொதல்ல பாக்கற எடத்துல ஒரு டூட்டி டாக்டர் தம்பி. மெட்ராஸ் பக்கமாட்ட இருக்குது, மொழி அப்படி. கண்வலிங்க, கண்வலிங்க சாமி, வாந்தி வாந்தியா எடுக்கறாங்கன்னு கத்தறேன். அந்தத் தம்பி டார்ச்ச எடுத்து இவ கண்ணுக்குள்ள அடிக்குது. எவ்ளோ நாளா கண்வலின்னு கேக்குது. எங்க மாமனார் காலத்துல இருந்தே இருக்குதுங்கன்னேன். இப்ப ரொம்ப அதிகமான்னுது. மூணு ஏக்கரா இருக்குமுங்கன்னேன். அது என்னயப் பாக்குது, நான் அதப் பாக்கறேன். கண்ணு நோவும் வாந்தியும் ஒட்டுக்கா வந்தா அதுக்குன்னு ஒரு சீக்கு இருக்குதாமா, அந்தத் தம்பி மேல தப்பில்ல, படிச்சதத்தான் செஞ்சுது. கண்ணு வார்டுக்குச் சீட்டு எழுதிப்போட்டுது.

அப்பத்தான் அந்தம்மா வந்தாங்க. டாக்டர் பாத்திமுத்து. கையில டீ டம்ளரு, காலுல பள்ளிக்கூடத்துப் புள்ளைக போடற துணிச் செருப்பு, தலையில முக்காடு, கோட்டுப் பாக்கெட்டுல வறுத்த கடலை. வெசத்துக்குன்னே இருக்கற வார்டுக்கு அவங்கதான் பெரிய டாக்டர்னு அப்ப எனக்குத் தெரியாது. எங்கயோ போறவங்க ஏக்கராங்கற வார்த்தையக் காதுல வாங்கிப்போட்டு நின்னுட்டாங்க. திரும்பி வந்து, அம்மா நீங்க எந்த ஊருன்னாங்க. மூலனூர்ப் பக்கமுங்கன்னேன். கெழங்கா, வெதையான்னாங்க. அவ்வளவுதான். ரெண்டே வார்த்தை. கெழங்குங்கன்னதும் அந்த டீயக் கீழ வெச்சாங்க பாருங்க, அப்பறம் அத எடுக்கவே இல்ல, ஈ முங்கிக் கெடந்துது. என்ற மூஞ்சியில என்னத்தக் கண்டாங்களோ, ஒரு நிமிசம் என்ற கையப் புடிச்சு, சரியான எடத்துக்குத்தான் வந்திருக்கீங்கன்னாங்க. எங்கம்மா செத்தப்பறம் ஒருத்தரும் என்ற கையப் புடிச்சதில்ல. கண்ணுல தண்ணி வந்துருச்சு, வேர்வையின்னு தொடச்சுக்கிட்டேன். அப்பறம் அந்த டூட்டித் தம்பிகிட்டத் திட்டாமப் பேசினாங்க. தம்பி, மருந்து அப்பறம், மொதல்ல பேரு. எந்த ஊர்க்காரங்கன்னு கேளு, அந்த ஊர்ல அதுக்கு என்ன பேருன்னு கேளு. ஒரு பக்கம் கலப்பைக் கெழங்கும்பாங்க, ஒரு பக்கம் கார்த்திகைப் பூவும்பாங்க, புத்தகத்துல செங்காந்தள். இவங்க ஊர்ல கெழங்குங்கற சொல்லே போயிருச்சு. பேரு தெரிஞ்சாத்தான் அது என்ன செய்யப் போவுதுன்னு நமக்கு முன்னாடியே தெரியும். தம்பி தலைய ஆட்டிக்கிட்டே ஓடிச்சு. இப்ப அதேதான் தெனமும் வந்து ரத்தம் எடுக்குது, எடுக்கறப்பெல்லாம் மூணு ஏக்கரா எப்படிம்மா இருக்குன்னு என்னயக் கேலி பண்ணிப்போட்டுப் போவுது. இருக்கட்டும், சிரிக்கறதுக்கு ஒரு ஆளு வேணுமல்லோ இந்த எடத்துல.

கரியக் கரைச்சு மூக்கு வழியா ஊத்தினாங்க. கரியப் போயி ஊத்தறாங்களே, படிச்ச டாக்டருகதானான்னு எனக்கு எரிச்சலு. டாக்டரம்மா பக்கத்துல நின்னு, எனக்குப் புரியறாப்பல சொன்னாங்க. இந்த வெசம் கொடல்ல இருந்து ரத்தத்துக்குப் போவும், போனது அங்கயே நிக்காது, பித்தத்தோட சேந்து மறுபடியும் கொடலுக்கே எறங்கி வரும். வர்ற வழியில இந்தக் கரி ஒக்காந்து புடிச்சுக்கும். அதனால ஒரு வாட்டி குடுத்தாப் பத்தாது, திருப்பித் திருப்பிக் குடுக்கணும். அட, எங்கூட்டு அடுப்புக்கரி வேற, இது வேற பக்குவமாமா. மாத்து மருந்து ஒண்ணு இருக்குமல்லங்க, பாம்புக்கடிக்கெல்லாம் இருக்குதேன்னேன். இல்லம்மான்னாங்க. கடையில இல்ல, எங்ககிட்டயும் இல்ல. கண்டுபுடிக்கப் பாக்கறாங்க, இன்னும் கைக்கு வரல. அதுவரைக்கும் எது எப்ப வரும்னு தெரிஞ்சு வெச்சுக்கிட்டு, அதுக்கு முன்னாடி போய் நிக்கறதுதான் எங்க வைத்தியம். இப்படி நேரா மூஞ்சியப் பாத்து இல்லைன்னு சொல்ற டாக்டர நான் கண்டதில்ல. புத்துநோய்க்காரங்களுக்கு வெள்ளை அணு ஏறறதுக்குப் போடற ஊசிய இவளுக்கும் போட்டுப் பாக்கறோம், இந்த வெசத்துக்கு அது எவ்வளவு கைகொடுக்கும்னு இன்னும் ஆராய்ச்சியிலதான் இருக்கு, சம்மதமான்னு என்ற பையனக் கேட்டாங்க. அவன் என்னயப் பாத்தான். தெரியாதுங்கறதயே இத்தனை தெளிவாச் சொல்றவங்க தெரிஞ்சத ஏமாத்த மாட்டாங்கடா, போடச் சொல்லுன்னேன்.

முடி கொட்டற கதைய எப்படீங்க கண்டுபுடிச்சீங்கன்னு நேத்து சாயங்காலம் அவங்க திரும்பி வந்தப்ப கேட்டேன். சிரிச்சாங்க. கண்டுபுடிச்சது நான் இல்லம்மா, புத்தகத்துல ரெண்டு வரி இருக்கு, ஆனா நம்ம சனங்களுக்கு அது எப்படி வருதுன்னு யாரும் போய்ப் பாக்கல. ஆஸ்பத்திரிய விட்டுப் போனவங்களத் தேடி நான் பஸ் ஏறிப் போனேன். மொதல் ஊர்ல ஒரு பெரியவர், இங்க இருந்து பொழைச்சுப் போனவர், மொட்டைத் தலையோட திண்டு போட்டு ஒக்காந்திருக்காரு. என்னங்கய்யா மொட்டைன்னேன். பொழைச்சா முடி தர்றேன்னு பழனிக்கு நேந்துக்கிட்டேன், நான் போறதுக்குள்ள முருகன் அவனே வந்து எடுத்துக்கிட்டான்னாரு. அடுத்த ஊர்லயும் மொட்டை. அதுக்கடுத்த ஊர்ல ஒரு பொம்பள, முக்காட்ட எடுத்துக் காட்டுது, புதுமுடி பூனைமசுராட்ட மொளைச்சிருக்கு. அப்பத்தான் எனக்கு மனசுக்குள்ள ஏறிச்சும்மா, இது கேடு இல்ல, வழியில வர்ற மைல்கல்லுன்னு. அதுவரைக்கும் முடி கொட்டறதப் பாத்து நாங்களே பயந்து, குடும்பத்தையும் பயமுறுத்திக்கிட்டு இருந்தோம். சொல்லிப்போட்டு ரெண்டு கடலைய வாயில போட்டுக்கிட்டாங்க. எத்தனை பெரிய படிப்பு, அது பஸ்சுல நின்னுக்கிட்டு, வரப்புல நடந்து, ஆரு ஊட்டு வாசல்லயோ மொட்டைத் தலையப் போயிப் பாத்திருக்குதே. இந்தம்மா காலுல விழுந்தாலும் தகும். விழுந்தா வைவாங்க.

ஆனாலும் பெரும்பாலும்னுதானே சொன்னாங்க. அந்த வார்த்தையில போயி மனசு சிக்கிக்குது. பெரும்பாலும். மீதி ஆளுக எங்க போனாங்க? மொத நாளு வாந்தியும் பேதியும், மறுநாளு இவ தெளிஞ்சு ஒக்காந்து, மாமி நான் நல்லாருக்கேன், வீட்டுக்குப் போவமான்னா. நானும் திருமூர்த்தியும் கெளம்பக் கூடப் பாத்தோம். இப்பத்தான் அது உள்ள வேலைய ஆரம்பிக்கும், ஆரும் போகக் கூடாதுன்னு டாக்டரம்மா கட்டலப் புடிச்சுக்கிட்டு நின்னாங்க. சொன்னாப்பலயே அன்னைக்கு மத்தியானமே ஆளு சாஞ்சு போச்சு. நாடி எறங்குது, ஒண்ணுக்குப் போகல, மூக்குல ரத்தம். ஊருக்குள்ள வேற, மாமியாக்காரிதான் வேக வெச்சுக் குடுத்துட்டான்னு ஒரு பழமை ஓடுதாமா. ஓடட்டும். என்ற வாய் எப்படின்னு ஊருக்கே தெரியும், வைய வேணும்னா வாயால வைவேன், வெசத்துக்கு என்னத்துக்குப் போறேன்? இவ செத்தாத்தான் அந்தப் பழமை நெசமாயிரும். ச்சீ, செத்தாங்கற வார்த்தை என்னத்துக்கு இப்ப. இவ பொழைக்கோணும். பழமைக்காக இல்ல. எனக்கு இவ வேணும். துண்டக் கட்டிக்கிட்டு வந்து நிக்க எனக்கு இவ வேணும்.

என்னத்த அப்படிப் பாக்கிய மாமிங்கறா. ஒண்ணுமில்ல கண்ணுன்னேன். பேன் கெடக்கான்னா. கெடந்தா நசுக்கிப்போடறேன்னேன். சிரிக்கறா, ஒதடெல்லாம் வெடிச்சுக் கெடக்குது, சிரிச்சா நோவுது, அப்பறமும் சிரிக்கறா. எந்த மண்ணுல மொளைச்சுது இந்தப் புள்ள. வெயிலு ஜன்னல்ல மஞ்சளா எறங்கிருச்சு. கஞ்சி கொண்டாந்து குடுத்தாங்க. தலைய ஒரு துணியில இறுக்கிக் கட்டிக்கிட்டுத்தான் டம்ளரக் கையில வாங்கினா. படுத்துக் கெடக்கறப்பவுமாடி துண்டுன்னேன். ரெண்டு மடக்கு குடிச்சவ நிறுத்திப்போட்டா. டம்ளருக்குள்ளயே பாக்கறா. மூஞ்சி செத்துப் போச்சு. டம்ளர ரெண்டு கையாலயும் பொத்திக்கிட்டா, என்ன கண்ணுன்னேன். சன்னமாச் சொல்றா. மாமி, ஏசாதீய என்னா. கஞ்சில முடி கெடக்கு. எனக்க முடிதான். நான் தலயக் கெட்டிட்டுதான் குடிச்சேன் மாமி.

குடு இங்கன்னு டம்ளரப் புடுங்கினேன். கெடக்குது. நீளமா, கறுப்பா, வளைஞ்சு, கஞ்சி மேல மெதந்துக்கிட்டு. ஒத்தை முடி. ஒத்தை முடிய நம்பலாமா, ஒத்தை முடி எந்நேரமும் விழுந்துக்கிட்டேதானே கெடந்துது, அதுக்குத்தானே அத்தனை சண்டை. தலைத்துணிய அவுத்தேன். துணியோட வந்துது. துணிக்குள்ள ஒரு கத்தை, கோழி அடை படுத்தாப்பல சுருண்டு கெடக்குது. வெரல உள்ள வுட்டு மெல்ல இழுத்தேன், இழுக்கவே வேண்டாம், தானா வருது, கை நெறைய வருது. அஜிதா பாத்துப்போட்டா. அய்யோ எனக்க முடி, எனக்க முடி மாமின்னு கத்தறா, ரெண்டு கையாலயும் தலையப் புடிச்சுக்கிட்டு அழுவறா. கண்ணாடிக்கு அக்கட்டால திருமூர்த்தி பதறி அடிக்கறான். நான் அந்தக் கத்தைய எடுத்துக்கிட்டு கண்ணாடிகிட்ட ஓடி அவன் மூஞ்சிக்கு நேராத் தூக்கிப் புடிச்சுக் காட்டறேன், கொட்டுதுடா, கொட்டுதுடா சாமி, அள்ள அள்ளக் கொட்டுதுடான்னு. பைத்தியம் புடிச்சிருச்சுன்னு நெனச்சுதோ என்னமோ, நர்சம்மா வந்து என்ற தோளப் புடிக்குது. பின்னாலயே டாக்டரம்மா. கையில ஒரு சீட்டு. என்ற கையில இருக்கறதப் பாத்தாங்க, கண்ண மூடித் தொறந்தாங்க. காலையில எடுத்த ரத்தத்துல வெள்ளை அணு ஏறிருச்சும்மா, அதச் சொல்லத்தான் ஓடி வந்தேன், நீங்க முந்திக்கிட்டீங்கன்னாங்க. அப்பறம் அஜிதா பக்கத்துல ஒக்காந்து, எல்லாத்தையும் அவளுக்குச் சொன்னாங்க, அந்தப் பழனி மொட்டைப் பெரியவரு கதைய மொதக்கொண்டு. அவ அழுவறா, சிரிக்கறா, மறுபடியும் தலையத் தொட்டுப் பாத்து அழுவறா. மொட்டையாயிருவனா மாமிங்கறா. ஆவு சாமி, நல்லா ஆவுன்னேன்.

கையில இன்னும் அந்த டம்ளரு இருக்குது. நர்சம்மா, குடுங்க, கொட்டிட்டு வேற கொண்டு வர்றேங்குது. குடுக்கல. வெளிய வராண்டாவுக்கு வந்து வாய்த்துணிய எறக்கினேன். திருமூர்த்தி பக்கத்துல வந்து நிக்கறான், அம்மா, அதுல முடி கெடக்குதும்மாங்கறான். தெரியும் போடான்னு அப்படியே நின்னவாக்குல முச்சூடும் குடிச்சேன். உப்புப் பத்தல.